கிழிந்த ஸ்பீக்கரின் நகல்

1951 மார்ச் மாதம். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து மெம்ஃபிஸ் நகரத்துக்கு ஐக் டர்னரின் இசைக்குழு காரில் போய்க்கொண்டிருந்தது. வழியில் கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டுவிட்டது. காரின் மேலிருந்து விழுந்தது என்பார் ஒருவர், மழையில் நனைந்தது என்பார் இன்னொருவர். எது நடந்ததோ, ஸ்டுடியோவில் இறக்கிவைத்து வாசித்தால் ஸ்பீக்கர் கரகரத்தது. மாற்று ஆம்ப் இல்லை. ஸ்டுடியோ முதலாளி சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கரின் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்தார். அந்தக் கரகரப்போடே பதிவு நடந்தது. அப்படி வெளிவந்த ‘ராக்கெட் 88’ பாட்டைத்தான் ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு என்று பலர் இன்றும் சொல்கிறார்கள்.

அதன்பிறகு கோளாறுக்குக் கிராக்கி வந்துவிட்டது. 1958-ல் கிட்டார் கலைஞர் லிங்க் ரே தன் ஆம்பின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-ல் ‘தி கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் பிளேடை எடுத்துக் கிழித்தே விட்டார். 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில்லில் ஒரு பதிவின்போது மிக்ஸர் பழுதாகிக் கிட்டார் தேனீபோல இரைந்தது. அந்த இரைச்சலையே பெட்டியில் அடைத்து 1962-ல் ‘ஃபஸ் டோன்’ என்று விற்றார்கள். 1965-ல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து வாசித்தது உலகம் முழுக்கக் கேட்டது.

இன்றைக்குக் கடையில் விற்கும் மாடலிங் ஆம்பில் எதுவும் கிழிந்திருக்காது, எதுவும் சூடேறாது. அந்தக் கிழிசலையும் சூட்டையும் உள்ளே ஒரு சிப் நொடிக்குப் பல்லாயிரம் தடவை கணக்குப் போட்டுத் தருகிறது. கிட்டார் கற்க ஆரம்பித்த பையன் அல்லது பெண், ஆறாவது மாதம் அப்பாவை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனால், விற்பனையாளர் முதலில் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ‘இதுக்குள்ள முப்பது ஆம்ப் இருக்கு சார், எஃபெக்ட்ஸ் தனி.’ அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. உண்மையைச் சொன்னால், பையனுக்கும் அவ்வளவாகப் புரியாது.

புரிந்துகொள்ள வால்விலிருந்து தொடங்கவேண்டும். வானொலிப் பெட்டியை முடுக்கிவிட்டு, அது சூடாகிப் பேசத் தொடங்கும்வரை காத்திருந்து இலங்கை வானொலி கேட்ட தலைமுறைக்கு வால்வு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கிட்டார் உலகம் அந்த வால்வை இன்னமும் விடவில்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிக மெல்லிய மின் அலை. வால்வுகள் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரைத் தள்ளுகின்றன. தாங்கும் அளவுக்கு மேல் அலையைத் திணித்தால் வால்வு அதை வெடுக்கென்று வெட்டாது; உச்சியை மெல்ல மழுக்கும். மழுங்கும்போது வாசித்த ஸ்வரத்தோடு அதன் ஹார்மோனிக்ஸும் கூடவே பிறக்கின்றன. ஒற்றைக் கம்பி தடித்து, நீண்டு, பாடுவதுபோல ஆகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த இன்பம் கிடைக்க ஆம்பை முழுச் சத்தத்தில் அலறவிடவேண்டும். லண்டனில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ ஆம்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்பைச் செய்தார். சில ஆண்டுகளிலேயே அது 100 வாட்டுக்கு வளர்ந்துவிட்டது. மைதானத்துக்கு அது சரி, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு? கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் மார்ஷலுக்குப் போகும் மின்சாரத்தையே ‘வேரியாக்’ என்ற கருவியால் 90 வோல்ட் அளவுக்கு இறக்கி, குறைந்த சத்தத்திலும் அது திணறும்படி செய்தார். அமெரிக்காவில் வழக்கமான மின்னழுத்தம் 120 வோல்ட் அளவு. (இதை வீட்டில் யாரும் முயலவேண்டாம். வால்வு ஆம்புக்குள் இருப்பது ஆளையே வீழ்த்தும் மின்னழுத்தம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும்.)

சத்தமில்லாமல் சத்தத்தின் ருசி வேண்டும் என்ற இந்த ஆசைதான் மாடலிங்கின் தாய். ‘பாஸ்டன்’ குழுவின் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்த என்ஜினியர். 1982-ல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ‘ராக்மேன்’ பெட்டியைக் கொண்டுவந்தார். 1989-ல் நியூயார்க்கில் ‘சான்ஸ்ஆம்ப்’ பிறந்தது. இரண்டிலும் கணினி கிடையாது, சாதாரண மின்சுற்றுதான். டிஜிட்டல் கணக்கு வந்தது 1995-ல் ரோலண்டின் வி.ஜி.-8 கருவியோடு. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் ‘லைன் 6’ நிறுவனம் ‘ஆக்ஸிஸ் 212’ என்ற முழு ஆம்பை இறக்கியது.

லைன் 6 என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. நிறுவனர்கள் மார்கஸ் ரைலும் மிஷேல் டாய்டிக்கும் வேறு கம்பெனிகளுக்குக் கருவி வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டே, ரகசியமாகக் கிட்டார் வேலையையும் செய்துவந்தார்கள். வாடிக்கையாளர் யாராவது வாசலில் வந்து நின்றால், வரவேற்பில் இருப்பவர் ஒலிபெருக்கியில் ‘லைன் ஆறில் அழைப்பு’ என்று சொல்வார். உள்ளே கிட்டார் சத்தம் சட்டென்று நிற்கும். 1998-ல் அவர்கள் விட்ட ‘பாட்’, சிவப்பு ராஜ்மா விதையை ஊதிப் பெருக்கியது போன்ற ஒரு பெட்டி, ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் பரவியது.

இந்தக் கணக்கைப் போட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய ஆம்பின் சுற்றுப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வால்வும் மின்மாற்றியும் எப்படி நடந்துகொள்ளும் என்று சமன்பாடாக எழுதுவது. 2006-ல் வந்த ‘ஃபிராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ்’ இந்த வழியின் புகழ்பெற்ற உதாரணம். மற்றொன்று, உள்ளே என்ன இருக்கிறது என்றே கேட்காமல், ஆம்புக்குள் பலவகை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதை மைக்கில் பிடித்து, ‘இது போனால் அது வரும்’ என்று கற்றுக்கொள்வது. 2011-ல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் செய்த பெட்டி இதைத்தான் செய்தது. அது ஆம்புக்குள் அனுப்பும் சோதனை ஒலியைக் கேட்டால் பறக்கும் தட்டு மொட்டைமாடியில் இறங்குவது போலிருக்கும். அந்த வேலையை இப்போது நியூரல் நெட்வொர்க் செய்கிறது. பின்லாந்தின் ‘நியூரல் டி.எஸ்.பி.’ அதைப் பெட்டியில் வைத்து விற்கிறது. ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ என்ற திறந்த மென்பொருளோ காசே இல்லாமல் கணினியில் செய்துகொடுக்கிறது.

பெரிய ஆட்கள் இதை ஏற்பார்களா என்ற சந்தேகம் 2013 டிசம்பரில் பெருமளவு தீர்ந்தது. ‘மெட்டாலிகா’ குழு அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தது. சுமார் 120 பேர் கேட்டார்கள். அங்கே சூழலைக் குலைக்கும் சத்தத்துக்கு இடமில்லை. வழக்கமான ஆம்ப் கோபுரம் எதுவும் இல்லை, ஒவ்வொருவர் காதிலும் ஹெட்போன். கிட்டார்களுக்கு ஆக்ஸ்-எஃப்எக்ஸ் பெட்டி. பனியிலிருந்து திரும்பிய பிறகும் அவர்கள் அந்தப் பெட்டியை விடவில்லை.

ஆனால் அண்டார்டிகாவுக்குப் போகாதவர் எதை வாங்குவது? கடையில் முதலில் கேட்கும் கேள்வி ‘எத்தனை ஆம்ப் மாடல்?’ என்பதாக இருக்கிறது. அதுதான் தப்பான கேள்வி. நூறு மாடல் உள்ள பெட்டியை வாங்கியவர் இரண்டு மாதத்தில் நான்கில் நின்றுவிடுகிறார். மற்ற தொண்ணூற்றாறும் வாசிக்கவேண்டிய நேரத்தைத் தின்பதற்கென்றே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. ‘பாஸ்’ நிறுவனம் 2016-ல் அறிவித்த ‘கட்டானா’ வரிசை உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் எண்ணிக்கையை அடக்கியதுதான். முதல் பதிப்பின் முகப்பில் ஐந்தே குணம்: அகூஸ்டிக், க்ளீன், க்ரஞ்ச், லீட், பிரவுன். ‘பிரவுன்’ என்று பார்த்ததுமே கிட்டார்காரர்களுக்கு வான் ஹேலனின் அந்த வேரியாக் ஒலி நினைவுக்கு வந்துவிடும். எல்லாம் கையால் திருகும் குமிழில். அதன் 50 வாட் மாடலில் சக்தியை 25 வாட்டுக்கும் அரை வாட்டுக்கும் இறக்க ஒரு திருகு. இரவு பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது அந்த அரை வாட்தான் குடும்பத்தைக் காப்பாற்றும்.

குமிழா, திரையா என்று வந்தால் இந்தக் கட்டுரை குமிழின் பக்கம்தான். செல்போன் செயலியைத் திறந்தால்தான் ட்ரெபிளைக் குறைக்க முடியும் என்கிற ஆம்பில், மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே அழைப்பு மணி வந்தால் என்ன கதி?

வாட் கணக்கிலும் ஏமாறவேண்டாம். 100 வாட் என்பது 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் அல்ல, வெறும் 3 டெசிபல் கூடுதல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் சக்தி சுமார் பத்து மடங்காகவேண்டும். வால்வு வாட்டும் டிஜிட்டல் வாட்டும் காதில் ஒன்றுபோல விழுவதில்லை என்பதும் உண்டு. ஃபெண்டர் தன் 22 வாட் ‘டீலக்ஸ் ரிவெர்ப்’ வால்வு ஆம்பை 2019-ல் ‘டோன் மாஸ்டர்’ என்று டிஜிட்டலில் மறுபடி செய்தபோது, உள்ளே 100 வாட்டை வைத்தது. எடையோ சுமார் 19 கிலோவிலிருந்து பத்தரைக் கிலோவுக்கு இறங்கியது. அதன் அண்ணன் ‘ட்வின் ரிவெர்ப்’ 29 கிலோ, டோன் மாஸ்டர் வடிவத்தில் 15. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் ரிகர்சல் அறை வைத்திருக்கும் குழுவிடம் கேட்டால் இதில் எது முக்கியம் என்று சொல்வார்கள்.

கடையில் சோதிப்பதற்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் அதை வரிசையாகச் செய்யவேண்டும். கடைக்காரர் கொடுக்கும் விலையுயர்ந்த கிட்டாரை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கிட்டாரையே மாட்டவேண்டும். எல்லா எஃபெக்ட்ஸையும் அணைக்கவேண்டும். ரிவெர்ப்பும் கூடாது. க்ரஞ்ச் குணத்தை வைத்து, கெயினைக் கடிகாரத்தின் பத்து மணி நிலைக்குத் திருப்பி, ஒரு ஜி கார்டை மெல்ல வருடவேண்டும், பிறகு ஓங்கி அடிக்கவேண்டும். மென்மையில் தெளிவும் ஓங்கும்போது சீற்றமும் வந்தால் மாடல் நல்லது. இரண்டுக்கும் ஒரே கரகரப்பு என்றால் வேறு ஆம்பைப் பார்க்கலாம். அடுத்து, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கவேண்டும். வால்வு ஆம்பாக இருந்தால் ஒலி துவைத்த வேட்டிபோலத் தெளிந்துவிடும். நல்ல நகலும் தெளியும், மட்டமானது வெறுமனே சத்தம் குறையும்.

கடைசியாக, கெயினை ஏற்றி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக் கம்பியை வளைத்து மேலே இழுக்கவேண்டும். மலிவான டிஜிட்டல் கணக்கில் ஒரு வினோதம் கேட்கும். ஸ்வரம் மேலே ஏற ஏற, பின்னணியில் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் கீழே இறங்கும். சிப் கணக்கிடமுடிந்த எல்லைக்கு மேலே பிறந்த ஹார்மோனிக்ஸ் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிக் கீழே விழுவதுதான் அது. இதற்கு ‘ஏலியாசிங்’ என்று பெயர். ஒருமுறை காது பிடித்துவிட்டால் பிறகு கேட்காமல் இருக்கமுடியாது. கமகம் இழுத்து வாசிப்பவர்கள், அதாவது ஆர். பிரசன்னாவைக் கேட்டுவிட்டு மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கக் கிளம்பியவர்கள், இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யவேண்டும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகும் வாசிப்பில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தொடங்குவது பிரீசெட் மயக்கம். ஆலையிலேயே அமைத்து ஏற்றி அனுப்பும் ஒலி அமைப்புகளான பிரீசெட்டுகள் கல்யாண மண்டபத்து ஜிகினா போன்றவை. கடையில் ஒருவர் தனியாக வாசித்தால் வாயைப் பிளக்கவேண்டும் என்பதற்காகவே ரிவெர்ப்பும் டிலேயும் கொட்டியிருப்பார்கள். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்தால் எல்லாம் கரைந்து சேறாகும். அதே கதைதான் கெயினுக்கும். பழைய ராக் பதிவுகளில் இருக்கும் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, பலர் நினைப்பதைவிடக் குறைவு. பிடித்த இசைத்தட்டோடு சேர்த்து வாசித்து, கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்தால் தெரியும்.

வீட்டில் தேன்போலக் கேட்ட ஒலி மேடையில் காணாமல்போவது ஏன் என்பது கிட்டார்காரர்களின் நிரந்தரப் புலம்பல். பதில் 1933-லேயே வந்துவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும், குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் சரியாகக் கேட்பதில்லை என்று அளந்து காட்டினார்கள். படுக்கையறையில் மெதுவாக வாசிப்பவர் அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடு ஒலியான மிட்டைப் பள்ளமாக்குகிறார். மேடையில் சத்தம் ஏறியதும் காது எல்லாவற்றையும் கேட்கத் தொடங்குகிறது. பேஸ் இடிக்கிறது, ட்ரெபிள் குத்துகிறது, கிட்டாரின் உயிரான மிட் பாடகரின் குரலுக்கும் ஸ்னேர் டிரம்முக்கும் அடியில் புதைந்துபோகிறது. மேடைக்கான பிரீசெட்டை மேடைச் சத்தத்திலேயே செய்யவேண்டும் என்பது இதனால்தான். ரிகர்சல் அறையில் எல்லாரும் டீ குடிக்கப் போகும் பத்து நிமிடம் அதற்குச் சரியான நேரம்.

மேடையில் நடக்கும் இன்னொரு விபத்து கேபினட் சமாசாரம். கிட்டார் ஸ்பீக்கர் முழு ஒலியையும் தருவதில்லை. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கூர்மையை மட்டுப்படுத்துவது அதுதான். மாடலிங் ஆம்பிலிருந்து நேராக மிக்ஸருக்கு வயர் போகும்போது நடுவில் ஸ்பீக்கர் இல்லை. எனவே ஸ்பீக்கரையும் மைக்கையும் சேர்த்தே நகலெடுக்கும் ‘கேப் சிமுலேஷன்’ தேவை. அதை அணைத்துவிட்டால் அரங்கம் முழுக்கத் தேனடையைக் கல்லால் அடித்த சத்தம். மாறாக, அதை அணைக்காமல் ஒரு நிஜக் கிட்டார் கேபினட்டுக்குள் செலுத்தினால் ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர். போர்வைக்குள்ளிருந்து வாசித்ததுபோல இருக்கும். சவுண்ட் என்ஜினியரைத் திட்டுவதற்கு முன் இந்த ஒரு சுவிட்சைப் பார்த்துவிடலாம்.

ஹெட்போனில் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு சொல். ஆம்பின் கணக்குக்கு ஆகும் தாமதம் பெரும்பாலும் சில மில்லிநொடிதான். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக அந்தத் தாமதம் ஆம்பை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம், விரல் அதைப் பொருட்படுத்தாது. சாதாரண ப்ளூடூத் ஹெட்போன் அப்படியல்ல. விரல் அடித்து, வேறெதையோ யோசித்து முடித்த பிறகு ஸ்வரம் காதுக்கு வந்துசேரும். வயர் ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

மின்சாரம் பற்றிப் பேசாமல் இங்கே எந்த ஆம்பையும் விற்கக்கூடாது. சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார், அறையில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தைப் பிடித்துக்கொள்ளும். கெயினை ஏற்றினால் அதுவும் ஏறும். மாடலிங் ஆம்புகளில் அதற்கு ‘நாய்ஸ் கேட்’ இருக்கிறது. அளவாக வைத்தால் மௌனத்தில் மட்டும் கதவடைக்கும். அதிகம் வைத்தால் நீண்டு மறையவேண்டிய ஸ்வரத்தின் வாலையே நறுக்கிவிடும். எர்த் இல்லாத பழைய வீட்டு வயரிங்கில் இரைச்சல் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. கிட்டாரின் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டு ஷாக் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகும் புத்திசாலித்தனத்தை யாரும் செய்யவேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் சித்தப்பா ஆம்ப் வாங்கி வருகிறார் என்றால், அவர் பணம் கொடுப்பதற்கு முன்பே பின்பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லவேண்டும். 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பிரச்சினையில்லை. சின்ன ஆம்புகள் பலவற்றின் அடாப்டர் அப்படித்தான் இருக்கும். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகிய நொடியில் சித்தப்பாவின் அன்பு புகையாகிவிடும்.

பழையதாக வாங்குவது நல்ல யோசனைதான். ஏனென்றால் கிட்டார் வாங்கிய வேகத்திலேயே விடுகிறவர்கள் ஏராளம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1965-ல் செய்த வால்வு ஆம்பை இன்றும் பழுதுபார்க்கலாம். வால்வு செய்யும் ஆலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி, 2022-ல் உக்ரைன் போரின்போது தட்டுப்பாட்டுப் பீதி கிளம்பியது உண்மையே. ஆனாலும் சாலிடரிங் தெரிந்த கைக்கு அதன் உள்வயிறு திறந்த புத்தகம். மாடலிங் ஆம்பின் பலகையில் சிப் போனால் பெரும்பாலும் பலகையையே மாற்றவேண்டும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் பலகையும் கிடைக்காது. செயலியை நம்பி இயங்கும் ஆம்பாக இருந்தால், அந்தச் செயலி இப்போதுள்ள போனில் ஓடுகிறதா என்பதை விற்பவர் வீட்டில் உட்கார்ந்தே சோதிக்கவேண்டும்.

அங்கேயே பார்க்கவேண்டியவை வேறு சிலவும் உண்டு. கிட்டார் ஜாக்கை மெல்ல ஆட்டினால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? ஒவ்வொரு குமிழும் கரகரப்பில்லாமல் சுற்றுகிறதா? யூ.எஸ்.பி. துளை தளர்ந்திருக்கிறதா? தாழ்ந்த ஈ கம்பியை ஓங்கி அடித்தால் ஸ்பீக்கரிலிருந்து காகிதம் படபடக்கும் சத்தம் வருகிறதா? எல்லாம் சரி என்றால் பேரம் பேசி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய ஆள் சேமித்து வைத்த பிரீசெட் அத்தனையையும் அழித்து ஆலை நிலைக்குத் திருப்பிவிட்டு, க்ளீனில் வைத்து ஒரு ஈ கார்ட் அடித்துப் பார்க்கலாம்.